வேலையை நிறுத்தச் சொல்வது யார்? வலிகாமத்து எண்ணெய்க் காணி ஒன்றின் துப்புரவும் ஊரவர் காற்றளவையும்

யாழ்ப்பாணத்தில் ஒரு காணியின் மண் கெட்டுவிட்டது என்று பேச்சு எழுந்தால் எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4 அன்று வந்த தீர்ப்பு, அனல் மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகு எண்ணெய் என்றாலே கிணறு என்று எங்கள் மனம் பழகிவிட்டது.

கெட்ட மண்ணைத் தோண்டி அகற்றும் வேலை தொடங்கினால் ஆபத்து வரும் வழி வேறாகிவிடுகிறது. ஆண்டுக்கணக்காகக் கீழ்நோக்கி ஊறிக்கொண்டிருந்தது பெக்கோவின் வாளியில் ஏறி, வெயில் பட்டு, காய்ந்து, வேலிக்கு மேலால் பறக்கிறது. கிணற்றை மூடி வைக்கலாம், பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம். மூச்சுக்கு அப்படி மாற்று ஏற்பாடு கிடையாது. வலிகாமத்தில் செம்மண் ஊர் ஒன்றில் நடந்த இத்தகைய துப்புரவு வேலையின்போது அயலவர்கள் தாங்களே காற்றை அளந்தார்கள். அந்த முயற்சிக்குத் துணையாக நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஊர், ஒப்பந்தகாரர், அலுவலகங்கள் ஆகியவற்றின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

காணி

ஏறக்குறைய பத்துப் பரப்பு வளவு. ஒரு காலத்தில் லொறிகளும் பஸ்களும் திருத்திய இடம். மாற்றிய எஞ்சின் எண்ணெயை ஒரு குழிக்குள் ஊற்றுவதுதான் அன்றைய வழக்கம். ஒரு மூலையில் பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்திருக்கிறார்கள். பின்பக்கம் நீண்ட கொட்டகை. அதன் அஸ்பெஸ்டஸ் சீற்றுகளில் பாதி இடிபாட்டோடு நிலத்தில் கிடந்தன. தெற்கே ஒழுங்கையும் வீடுகளும், மேற்கே தோட்டக் காணிகள், வடகிழக்கே ஒரு முன்பள்ளி. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் பிறந்தது.

காணியைப் பொதுத் தேவைக்கு எடுத்தபோது, மண்ணைப் பரிசோதித்த பிறகே கட்டடம் என்று பிரதேச சபை சொன்னது நல்ல காரியம். பரிசோதனையில் மூன்று விடயங்கள் வெளிவந்தன: குழியைச் சுற்றிக் கடுமையான எண்ணெய், பற்றரி மூலையில் ஈயம், மேல்மண்ணில் சீற்றுத் துண்டுகள். அறிக்கை மூன்றையும் ஒரே அட்டவணையில் அடுக்கியிருந்தது. காற்றைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று விதமான பிராணிகள்.

பழைய எஞ்சின் எண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாகாது. ஆவியாகக் கூடிய இலகுவான பகுதி பெரும்பாலும் எப்போதோ போய்விட்டிருக்கும். ஆனால் ஆழத்தில் காற்றுப் படாமல் கிடந்த மண்ணை வெட்டித் திறந்தால் அடைபட்டுக் கிடந்த ஆவி ஒரேயடியாக வெளியே வரும். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். ஈயம் ஆவியாகாது, மண் துகளோடு ஒட்டிக்கொண்டு தூசியாகவே பயணம் செய்யும். அஸ்பெஸ்டஸ் நார் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, உடனே இருமலும் தராது. அது தரும் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். ஆக, மூக்கு முதலாவதுக்கு உதவும், தூசிக் கருவி இரண்டாவதுக்கு ஓரளவு உதவும், மூன்றாவதுக்கு இரண்டாலும் பயனில்லை.

எப்போது தோண்டுவது

இதைப் பற்றி நடந்த வாக்குவாதம்தான் முழு வேலையிலும் மிகப் பெறுமதியான பேச்சு என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் தோண்டினால் மண் ஈரமாக இருக்கும், தூசி எழாது. ஆனால் திறந்த குழிக்குள் மழை இறங்கி எண்ணெயைச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தள்ளிவிடும். அப்புறம் கிணறு போய்விடும். வைகாசிக்குப் பிறகு தோண்டினால் மழைப் பயம் இல்லை. ஆனால் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் சோளகக் காற்று என்ன செய்யும் என்று இங்குள்ள எந்தப் பெண்ணுக்கும் விளக்கத் தேவையில்லை. மாலையில் வீடு கூட்டுபவர் அவர்தான். மிஞ்சுவது பங்குனியும் சித்திரையும். வாடை ஓய்ந்து சோளகம் எழாத இடைவெளி. காற்று மெதுவாகவும் திசை மாறி மாறியும் வீசும். வெயில் கடுமை, அதனால் நாற்றம் கூடும். இருந்தாலும் மூன்றிலும் தீமை குறைந்தது அதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொண்டபடி எதுவும் நடக்கவில்லை. டிப்பர் கிடைக்கவில்லை, கழிவை ஏற்கும் இடத்தின் அனுமதி தாமதமானது, புத்தாண்டு விடுமுறை வந்தது. சீற்று அகற்றலும் குழியின் பாதியும் முடிவதற்குள் சோளகம் எழுந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கீழே இருப்பது வடகிழக்கு மூலை. அங்கேதான் முன்பள்ளி.

கருவி வந்த கதை

கோயில் கோபுரத்துக்குப் பணம் வேண்டும் என்று வெளிநாட்டு ஊர்ச் சங்கத்துக்கு எழுதினால் பதில் விரைவாக வரும். காற்றில் தூசி அளக்கும் பெட்டிக்கு எழுதியபோது கேள்விக்கு மேல் கேள்வி வந்தது. கடைசியில் இலண்டனில் ஹேய்ஸ் பக்கம் இருக்கும் ஓர் ஊரவர்தான் விடயத்தை விளங்கிக்கொண்டார். அவருக்கு அயலில் உள்ள சவுத்தோலில் பழைய எரிவாயுத் தொழிற்சாலைக் காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டியபோது, பெற்றோல் போன்ற நாற்றம் அடிக்கிறது என்று மக்கள் 2017 முதல் முறையிட்டார்கள். தோண்டிய மண்ணைக் குவித்துப் பதப்படுத்திய இடத்தை ‘மண் மருத்துவமனை’ என்றே அங்கு அழைத்தார்கள். காற்றை அளந்தார்கள், அறிக்கைகளும் வந்தன. அளவுகளைப் பார்த்த பொதுச் சுகாதார அமைப்பு, உடலுக்கு நேரடித் தீங்கு நேரும் வாய்ப்புக் குறைவு என்றது. நாற்றமே ஒருவரின் நலத்தைக் கெடுக்கலாம் என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. அயலவர்களுக்கு அது போதவில்லை. அறிக்கைகள் இருந்தும் நம்பிக்கை இல்லாத ஒரு துப்புரவு எப்படி இருக்கும் என்பதை அவர் நேரில் பார்த்திருந்தார். பெட்டிகளை அவர் வழியாகத்தான் வாங்கினோம்.

நடுத்தரக் கைத்தொலைபேசி ஒன்றின் விலைக்குக் கிடைக்கும் இந்தப் பெட்டிகளுக்குள் ஒரு சிறு விசிறியும் ஒரு லேசர் கதிரும் இருக்கின்றன. உள்ளே இழுக்கப்படும் துகள்களில் ஒளி பட்டுச் சிதறுவதை எண்ணி, ஒரு கனமீற்றர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று கணித்துத் திரையில் காட்டும். துகளை நிறுப்பதில்லை, ஊகிக்கிறது. அதனால் இரண்டு குறைகள் அதன் கூடவே பிறந்தவை. ஈரப்பதன் கூடினால் துகள்கள் நீர் உறிஞ்சிப் பருக்கும், பனித்துளியும் துகளாகவே எண்ணப்படும், எண் பொய்யாக ஏறும். இரண்டாவது குறை எங்களுக்கு முக்கியமானது: புகை போன்ற நுண்துகளை, அதாவது பிஎம் 2.5 என்று சொல்லப்படும் அளவை, ஓரளவு நன்றாகப் பிடிக்கும். மண் கிளறும்போது எழும் பெரிய துகள்களைப் பெரும்பாலும் தவறவிடும். பெரிய துகள்களையும் சேர்த்துக் கணிக்கும் பிஎம் 10 என்று ஓர் எண்ணும் திரையில் வரும். அதை நம்பி ஒரு முடிவும் எடுக்கக்கூடாது.

தோண்டும் வேலையில் எழுவது பெரும்பாலும் பெரிய துகள்தான் என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

அக்காவின் தட்டு

வேலை தொடங்கிய முதற்கட்டத்தில் பெட்டிகளின் எண்கள் அமைதியாகவே இருந்தன. சனசமூக நிலையத்து இளைஞர்கள் அந்த எண்களை வாட்ஸ்அப்பில் போட்டு ‘காற்று நலம்’ என்று எழுதினார்கள். தெற்கு ஒழுங்கையின் மூலை வீட்டு அக்கா அதை ஏற்கவில்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை அவர் இரண்டாம் முறை தோய்க்க வேண்டி வந்தது.

அவர் செய்தது எளிய காரியம். ஒரே அளவான எவர்சில்வர் தட்டுகள் சிலவற்றை எடுத்தார். ஒவ்வொன்றிலும் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை விரித்தார். ஒன்றைத் தன் மதிலிலும், ஒன்றைக் காணிக்கு அப்பால் வடக்கே இருந்த சகோதரி வீட்டிலும், ஒன்றைத் தூரத்தில் வாசிகசாலைத் திண்ணையிலும் வைத்தார். காலையில் வைத்து மாலையில் எடுத்து, துணியை அப்படியே உலரவிட்டு, திகதி எழுதி, ஒரு கொப்பியின் தாள்களுக்கு இடையில் வைத்தார். பெட்டியைச் சரிபார்க்கப் போன என்னைத் திண்ணையில் இருத்தி, தாள் தாளாகப் புரட்டிக் காட்டினார். வாசிகசாலைத் துணிகளில் மெல்லிய சாம்பல் நிறம். அவருடைய துணிகளில் வேலை நடந்த நாட்களில் செம்மண் நிறம். வேலை நடக்காத ஞாயிறுகளில் வாசிகசாலைத் துணிக்கும் இதற்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லை. சில துணிகளில் விரலை வைத்தால் நறநறவென்றது.

“தம்பி, உங்கள் பெட்டி காற்று நலம் என்கிறது. என் தட்டு அப்படிச் சொல்லவில்லையே” என்றார்.

“அக்கா, பெட்டிக்குப் பெரிய தூசி தெரியாது” என்றேன்.

“அப்படியென்றால் தெரிந்த பெட்டியைக் கொண்டுவாருங்கள். அதுவரைக்கும் நலம் என்று எழுதாதீர்கள்.”

தூசி படிவதை அளக்கும் முறையை அவர் எங்கும் படித்தவரல்லர். ஆனால் படிவுத் தட்டு என்பது உலகெங்கும் கட்டட வேலைகளுக்கு அருகில் பயன்படும் பழைய முறை. அவருடையதில் அடிப்படை எல்லாம் இருந்தது: காணிக்கு அருகில் ஒன்று, ஒப்பிடத் தூரத்தில் ஒன்று, வேலை நாளும் ஓய்வு நாளும், திகதி, சான்றைப் பத்திரப்படுத்தல். விலையுயர்ந்த கருவி வாங்கியும் இவற்றைச் செய்யாத இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கொப்பியைக் காட்டித்தான், பிஎம் 10 துகளை ஒழுங்காக அளக்கும் கருவிகள் இரண்டை இரவல் கேட்டு வாங்க முடிந்தது. மலிவான பெட்டிகளைக் கழற்றவில்லை. வேறு வேலைக்கு அவை உதவின. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எந்த எண்ணில் நிறுத்துவது

இலங்கையின் காற்றுத் தர அளவுகள் 2008 வர்த்தமானியில் இருக்கின்றன. 24 மணி நேரச் சராசரியாகக் கனமீற்றருக்குப் பிஎம் 10 என்றால் 100 மைக்ரோகிராம், பிஎம் 2.5 என்றால் 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல் இதைவிடக் கடுமையானது. முறையே 45, 15. ஒப்பந்தகாரரின் முதல் திட்டத்தில் “தேசிய நியமத்தை மீறாமல் வேலை நடக்கும்” என்ற ஒரு வரி இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 23 மணி நேரம் பிஎம் 10 அளவு 40 ஆக இருக்கிறது. மீதி ஒரு மணி நேரம் பெக்கோ குழியைக் கிளற, அளவு 1000க்குப் போகிறது. முற்றத்தில் நிற்கவே முடியாத தூசி அது. அந்த நாளின் சராசரி எவ்வளவு? 80. நியமத்துக்குள் சௌகரியமாக அடங்கிவிடுகிறது. முன்பள்ளிப் பிள்ளை 24 மணிச் சராசரியில் மூச்சு விடுவதில்லை. அந்த ஒரு மணி நேரம் பிள்ளை முற்றத்தில் விளையாடினால், அதற்கு அந்த நாளின் பங்கு முழுவதும் அதுதான். நாள் கணக்கு நியமம் ஒரு நகரத்தின் காற்றை ஆண்டு முழுவதும் கண்காணிக்க எழுதப்பட்டது. தோண்டும் இடத்தின் வேலிக்கு அது பொருந்தாது.

வேலிக்குப் பொருந்துகிற அளவுகள் வேறிடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் மாசடைந்த காணிகளைத் துப்புரவாக்கும் வேலைகளுக்கு ஒரு பொதுச் சமூகக் காற்றுக் கண்காணிப்புத் திட்டம் உண்டு. அதன் அளவை 15 நிமிடச் சராசரி. காற்று வரும் பக்கத்தில் ஒரு கருவி, காற்று போகும் பக்கத்தில் ஒரு கருவி. போகும் பக்கத்துப் பிஎம் 10 வரும் பக்கத்தைவிட 100 மைக்ரோகிராம் கூடினால் தூசி அடக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்; அடக்கிய பிறகும் 150க்கு மேல் கூடுதலாக நின்றால் வேலையை நிறுத்த வேண்டும். ஆவிகளுக்கும் இதே போல: பின்னணி அளவைவிட 5 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) கூடினால் தற்காலிக நிறுத்தம், 25ஐத் தாண்டினால் முழு நிறுத்தம்.

இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுப்பதுதான் இதன் நுட்பம். யாழ்ப்பாணத்துக்கு இது மிகவும் அவசியம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டிய நாட்களில் இந்தியப் பக்கத்திலிருந்து வந்த மாசு மூட்டம் இங்கே படிந்து, காற்றுத் தரச் சுட்டி நாடு முழுவதும் பேசுபொருளானது நினைவிருக்கும். அப்படியொரு நாளில் வேலி ஓரத்தில் ஒரே ஒரு கருவியை வைத்தால் எண் தலைக்கு மேல் போகும், பழி ஒப்பந்தகாரர் மேல் விழும், அவர் அதை மறுப்பார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். அடுத்த முறை அவர் உண்மையில் தூசி கிளப்பும்போதும் அதே மறுப்பைச் சொல்வார்.

தூசியின் அளவை நஞ்சின் அளவாக மாற்றிப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. மண் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்கு, ஒரு மூலையின் மண்ணில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் ஈயம் என்று வைப்போம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மண் 150 மைக்ரோகிராம் தூசியாகப் பறந்தால், காற்றில் ஈயம் 0.15 மைக்ரோகிராம். அமெரிக்கா 2008இல் காற்றில் ஈயத்துக்கு விதித்த எல்லை அதே 0.15தான், அது மூன்று மாதச் சராசரிக்கான எல்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு நாள் அந்த அளவைத் தொட்டால் நோய் என்று பொருளில்லை. ஆனால் பற்றரி மூலையைத் தோண்டும் நாட்களில் பொது எல்லையைவிடக் குறைந்த எல்லை வேண்டும் என்று கேட்க இந்தக் கணக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த மூலைக்கு எல்லையைப் பாதியாக்கினார்கள்.

சிவப்புக் கொடி

எல்லை எழுதியாயிற்று. அதைத் தாண்டினால் வேலையை நிறுத்துவது யார் என்ற கேள்விக்கு ஒப்பந்தகாரர் தந்த பதில், “வாராந்த அறிக்கையில் தெரிவிப்போம்.” செவ்வாய்க்கிழமை குடித்த தூசியைப் பற்றிச் சனிக்கிழமை அறிந்து என்ன செய்வது என்று மாதர் சங்கத் தலைவி கேட்டார். கூட்டத்தில் பதிலில்லை.

ஊரவர் அளவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உயிரிழக்கிறது. 2004இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த கிராமத்து மக்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்களின் பட்டியலே வந்தது. அரசு வாரியம் அளக்காததை ஊரவர் அளந்து காட்டிய பெரிய சாதனை அது. ஆனால் வாளியில் பிடித்த காற்றின் முடிவு கடல் கடந்து திரும்பி வருவதற்குள் அந்தக் காற்று எப்போதோ போய்விட்டிருக்கும். வழக்குக்கும் போராட்டத்துக்கும் அது ஆயுதம். இந்தக் குழியை இந்த நிமிடம் மூட அது உதவாது. தோண்டும் இடத்துக்கு வேண்டியது அந்த நிமிடத்திலேயே செல்லுபடியாகும் அதிகாரம்.

பல கூட்டங்களுக்குப் பிறகு ஒரு தாளில் நான்கைந்து வரிகள் எழுதிக் கையொப்பம் இட்டார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சாட்சி. எல்லை தாண்டினால் அளவை பார்ப்பவர் தள மேற்பார்வையாளருக்கு அழைக்க வேண்டும். அவர் இல்லையென்றால் அவருடைய உதவியாளர். இருவரும் எடுக்காவிட்டால் படலையில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். கொடி ஏறினால் பெக்கோ ஓட்டுநர் யாரையும் கேட்காமல் வாளியை இறக்கிவிட்டு நிறுத்தலாம். அதற்காக அவருடைய கூலி வெட்டப்படாது. கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் ஓட்டுநர் தானேதான். குழிக்கு மிக அருகில் நின்று மூச்சு விடுபவரும் அவர்தான் என்பது எங்களில் எவருக்கும் அதுவரை உறைக்கவில்லை.

சோளகம் எழுந்த பிறகு ஒரு பிற்பகல். தென்மேற்கு மதிலோரக் கருவியில் எண் வழக்கம்போல. முன்பள்ளிப் பக்கத்துக் கருவியில் பதினைந்து நிமிடச் சராசரி எல்லையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. மேற்பார்வையாளர் கழிவு ஏற்றிய டிப்பரோடு வெளியே போயிருந்தார். உதவியாளரின் தொலைபேசி அணைந்திருந்தது. அளவை பார்த்துக்கொண்டிருந்த உயர்தர வகுப்பு மாணவி கொடியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் தயங்கியதை நான் பார்த்தேன். பிறகு ஏற்றினாள். ஓட்டுநர் வாளியை இறக்கினார். குவிந்திருந்த மண்ணைத் தறப்பாளால் மூடி, மண்மூட்டை அடுக்கினார்கள். முன்பள்ளி ஆசிரியை பிள்ளைகளை உள்ளே அழைத்து யன்னல்களைச் சாத்தினார். மாலையில் மேற்பார்வையாளர் திரும்பி வந்து கோபப்பட்டார், தாளைப் பார்த்தார், அமைதியானார். அடுத்த நாளிலிருந்து முன்பள்ளி விட்ட பிறகே அந்த மூலையில் தோண்டினார்கள்.

தண்ணீர் தெளித்தால் முடிந்துவிடாதா என்று பலரும் கேட்டார்கள். தெளிக்கலாம், ஆனால் அளவோடு. எண்ணெய் மண்ணில் பவுசரைத் திறந்துவிட்டால் தூசி அடங்கும், எண்ணெய் கீழே இறங்கும். அதனால் பாதைக்கும் சுத்தமான மண்ணுக்கும் தாராளமாகத் தண்ணீர், குழிக்கு மெல்லிய தூவானம் மட்டும், மிச்சத்துக்குத் தறப்பாள் என்று பிரித்தார்கள். ஒரு நேரத்தில் திறந்திருக்கும் பரப்பைச் சுருக்கியதுதான் எல்லாவற்றிலும் பலன் தந்த மாற்றம். அதற்குச் செலவும் இல்லை. ஒப்பந்தகாரருக்குப் பொறுமை மட்டும் தேவைப்பட்டது.

நாற்றம்

ஆவிக்கு, புற ஊதா விளக்கால் மூலக்கூறுகளை மின்னேற்றி எண்ணும் கைக்கருவி ஒன்று சில நாட்களுக்குக் கிடைத்தது. நல்ல கருவிதான். ஆனால் அது எல்லா ஆவியையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். அதில் பென்சீன் எவ்வளவு, கேடு குறைந்த மற்றவை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பென்சீன் புற்றுநோய் தரும் என்பது ஐயமற உறுதியானது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்குச் சொல்லப்படுவதில்லை. அதனால் கூட்டு எண் தாழ்வாக இருப்பதை நற்சான்றாக எடுக்க முடியாது. கருவி எல்லைக்குக் கீழே காட்டிய பொழுதுகளிலும் நாற்றம் இருந்தது; மனித மூக்கு சில சேர்வைகளைக் கருவிக்கு முன்பே பிடித்துவிடும்.

ஆகவே நாற்றக் கொப்பி ஒன்று வைத்தார்கள். நேரம், இடம், காற்றுத் திசை, நாற்றத்தின் கடுமை பூச்சியம் முதல் ஐந்து வரை, எதைப் போல மணந்தது, தலையிடி உண்டா. திசையைத் தென்மேற்கு, வடகிழக்கு என்று எழுதச் சொன்னபோது பாதிப் பேர் தடுமாறினார்கள்; சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று எழுதச் சொன்னவுடன் தடுமாற்றம் நின்றது. அயலில் குடியிருப்பவர்களின் மூக்கு சில நாட்களில் பழகிப்போகும் என்பதால், தினமும் வெளியிலிருந்து வரும் பாண்காரரிடமும் தபால்காரரிடமும் கேட்டு எழுதினார்கள். பாண்காரரின் பதிவுகள்தான் கொப்பியிலேயே நம்பகமானவை என்பது என் எண்ணம்.

சீற்று

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இங்கே அளவை என்று எதுவும் நடக்கவில்லை. அஸ்பெஸ்டஸ் நாரை எண்ண, பம்பு வைத்துக் காற்றை வடிதாள் வழியே இழுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். பணமும் இல்லை, வசதியும் இல்லை. எனவே நார் எழாத வகையில் வேலை நடக்கிறதா என்று பார்ப்பதோடு ஊரவர் நின்றுகொண்டார்கள். பெக்கோ வளவுக்குள் வர முன்னரே சீற்றுகளை நனைத்து, உடைக்காமல் கையால் எடுத்து, தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, ஒட்டி, தனியாக ஏற்ற வேண்டும். ஒருநாள் யாரோ சம்மட்டி எடுத்தபோது அக்கா மதிலுக்கு மேலால் கத்தியது ஒழுங்கை முழுவதும் கேட்டது. அதைவிடச் சிறந்த கருவி அந்த வேலைக்கு வேண்டியிருக்கவில்லை.

மலிவுப் பெட்டி காட்டிக்கொடுத்தது

கழற்றாமல் விட்ட மலிவுப் பெட்டிகள் நுண்துகளைத் தொடர்ந்து பதிந்துகொண்டிருந்தன. அவற்றில் இரண்டு வேளைகளில் எண் ஏறியது. விடியற்காலையில் ஏறியது பெரும்பாலும் பனியும் ஈரமும். தளத்தில் வேலை தொடங்காத நேரம் அது. மாலையில் ஏறியதற்குக் காரணம் தேடியபோது ஒழுங்கையில் சங்கடமான அமைதி நிலவியது. வளவு கூட்டிச் சருகு எரிப்பது, அதோடு பொலித்தீன் பைகளையும் போடுவது. சில மாலைகளில் முன்பள்ளிப் பக்கத்து நுண்துகள் அளவு தோண்டும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தது, அதற்கு ஒப்பந்தகாரர் பொறுப்பில்லை.

இதை வெளியிடலாமா என்று சனசமூக நிலையத்தில் கடும் விவாதம். வெளியிட்டால் ஒப்பந்தகாரர் அதைப் பிடித்துக்கொள்வார் என்றார்கள் சிலர். அவர் பிடித்துக்கொண்டார்தான். ஆனால் சொந்தப் புகையையும் சேர்த்து எழுதிய பிறகு, தூசி எண்களைப் பற்றி அவர் ஐயம் எழுப்புவதை விட்டுவிட்டார். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு அருகில் எரிப்பதில்லை என்று சில வீடுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. எல்லா வீடுகளும் இல்லை. பொலித்தீன் இன்றும் எரிகிறது.

எட்டாத இடம்

வேலிக்குள் நடந்ததை இவ்வளவு கவனித்தவர்கள் வேலியைத் தாண்டிப் போன மண்ணைக் கவனிக்க வழியில்லாமல் இருந்தது. டிப்பர்கள் மேலே தறப்பாள் போட்டுத்தான் புறப்பட்டன. சந்தி கடந்ததும் ஓரம் காற்றில் எழுந்து அடித்தது. சில்லுகளில் ஒட்டிய மண் வீதியில் விழுந்து, காய்ந்து, அடுத்த பஸ் போகும்போது எழுந்தது. வீதியோரக் கடைக்காரர்கள் முறையிட்டார்கள். அவர்கள் காணிக்கு அயலவர்கள் அல்லர் என்பதால் அந்தத் தாளில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படலையில் சில்லுக் கழுவும் தொட்டி வைக்கச் சொன்னோம். வேலை முடியும் தறுவாயில் வந்தது.

அடுத்த ஊரில் இதே போன்ற ஒரு காணி பற்றிப் பேச்சு நடக்கிறது. அங்கிருந்து வந்து கேட்டவர்கள் முதலில் பெட்டி எங்கே வாங்குவது என்றுதான் கேட்டார்கள். அக்காவின் கொப்பியையும் கையொப்பமிட்ட தாளின் பிரதியையும் கொடுத்தோம். ஒப்பந்தம் எழுதும்போதே, கேள்விப்பத்திர நிலையிலேயே, அந்தத் தாளின் வரிகளைச் சேர்க்கச் சொல்லிப் பிரதேச சபையிடம் கேட்கச் சொன்னோம். டிப்பர் போகும் பாதையையும் சில்லுத் தொட்டியையும் சேர்த்து. வேலை தொடங்கிய பிறகு கேட்டால் அது உதவி கேட்பது போலாகிவிடுகிறது. விலை குறிக்கும்போதே இருந்தால், நிறுத்தும் நேரத்துக்கான செலவை ஒப்பந்தகாரர் தன் கணக்கில் போட்டுக்கொள்வார், கொடியைக் கண்டு கோபப்படவும் காரணம் இருக்காது. சபை இன்னும் பதில் தரவில்லை.